இருபத்து நாலாம் தேதி யாருக்கு?

"அண்ணா, நவம்பர் இருபத்து நாலு மண்டபம் யாருக்குன்னு உங்க பக்கம் கொஞ்சம் பாருங்களேன்" என்றாள் சந்தியா.

"பாக்கவே தேவையில்ல. அது எனக்கு. என் கல்யாணம்மா அது" என்றான் ஜாபேஸ்.

"என் பக்கம் நாகையான்னு காட்டுதுண்ணா."

ஜாபேஸுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சித்தூரில் சர்ச்சுக்கு எதிரே இருக்கும் அந்தக் கல்யாண மண்டபத்துக்கு இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் இருப்பது ஒரே ஒரு புக்கிங் சாஃப்ட்வேர். அதை எழுதியவனும் அவன்தான். அதில் எங்கிருந்து வந்தது உன் பக்கம், என் பக்கம்? எழுந்து வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

நவம்பர் 24. நாகையா. திருப்பதி.

சிரிப்பு நின்றுவிட்டது. அவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, தன்னுடைய அட்மினிஸ்ட்ரேட்டர் பெயரில் உள்ளே போய் அதே பக்கத்தைத் திறந்தான். நவம்பர் 24. ஜாபேஸ். சித்தூர்.

மறுபடி சந்தியாவின் பெயரில் போனான். நாகையா. மறுபடி தன் பெயரில். ஜாபேஸ். நான்கு தடவை போய் வந்தும் இரண்டு பேரில் ஒருவரும் இடத்தைக் காலி செய்கிற வழியாக இல்லை.

"இத எப்ப எடுத்த நீ?"

"போன மாசம்ணா. அந்தாளு வந்து கேட்டப்ப தேதி காலியாத்தான் இருந்துச்சு. சத்தியமா."

"நான் அதுக்கும் முன்னாடியே போட்டேனே!"

"என் பக்கம் வரவே இல்லியேண்ணா" என்றாள் சந்தியா. அவளுக்கு அழுகை வந்துகொண்டிருந்தது.

அழ வேண்டியது அவள் அல்ல. ஜாபேஸின் கல்யாணம் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போனது. ஒரு தடவை மாவட்டம் முழுக்க பந்த்; பஸ் ஓடவில்லை, பந்தல்காரனும் வரவில்லை. அடுத்த தடவை பெண்ணின் அப்பாவுக்கு ஆபரேஷன். அவர் பெயர் எலிசா, திருப்பதியில் ரிட்டயர் ஆன தலைமையாசிரியர், கண்டிப்பானவர். "மூணாவது தடவையும் தள்ளிப் போச்சுன்னா, கர்த்தருக்கு இதுல சித்தம் இல்லன்னு எடுத்துக்க வேண்டியதுதான் தம்பி" என்று அமைதியாகச் சொல்லியிருந்தார். அந்த அமைதிதான் ஜாபேஸைத் தூங்கவிடாமல் செய்தது. மணப்பெண் லோயிஸ் ஸ்ரீ சிட்டியில் ஒரு ஃபேக்டரியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தாள். அவளுக்கு லீவு கிடைத்து, மண்டபத்துக்கு எதிர் சர்ச் பாஸ்டருக்கு நேரம் கிடைத்து, எல்லாம் கூடி வந்த ஒரே தேதி நவம்பர் இருபத்து நாலு.

மண்டபத்தைப் பற்றி நிச்சயதார்த்தத்தில் பேச்சே எழவில்லை. ஜாபேஸின் சொந்தங்கள் கங்காதர நெல்லூர்ப் பக்கம். அங்கே மண்டபம் பிடிப்பது மாப்பிள்ளை வீட்டின் பொறுப்பு. அதைப் போய் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்களா? சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்ததற்குக் கூலியாக, மண்டபத்து முதலாளி கோவர்த்தனன் "உன் கல்யாணத்துக்கு ஒரு நாள் சும்மா எடுத்துக்கோய்யா சிஸ்டம்" என்று சொல்லியிருந்தார். மண்டபத்தில் எல்லோருக்கும் அவன் சிஸ்டம்தான். ஜாபேஸ் என்ற பெயர் சம்பளப் பட்டியலில்கூடக் கிடையாது.

வினையை இழுத்து விட்டவன் கோவர்த்தனனின் மகன், அமெரிக்காவில் இருப்பவன். மண்டபத்துக் கம்ப்யூட்டரில் யாரோ சினிமா ஏற்றி, கூடவே வைரஸையும் ஏற்றிவிட்டார்கள். "ஆளாளுக்குத் தனித்தனி யூசர் குடுங்க. அட்மின் பவர் ஒருத்தர்கிட்ட மட்டும்தான் இருக்கணும்" என்று மகன் போனில் உத்தரவு போட்டான். அந்த ஒருத்தர் ஜாபேஸ். பகல் கிளார்க் சந்தியாவுக்கும் சாயங்காலக் கிளார்க் நாகேந்திரனுக்கும் சாதா யூசர் கொடுத்தான்.

பழைய கம்ப்யூட்டர் யோக்கியமானது. சந்தியா ஒரு புக்கிங்கைப் போட்டதும், 'எழுத அனுமதி இல்லை' என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடும். சந்தியா உடனே ஜாபேஸைக் கூப்பிடுவாள். தினம் பத்துத் தடவை கூப்பிட்டதில் வெறுத்துப்போய், "இது விண்டோஸ் கோளாறு சார், புது மெசின் வாங்கிடுங்க" என்றான். வாங்கினார்கள். புது விண்டோஸில் அந்த எரர் வரவே இல்லை. கோவர்த்தனன் மகிழ்ந்துபோய் அவனுக்கு ஒரு சால்வை போர்த்தினார். அனுமதி இல்லாத ஆள் எழுதுவதெல்லாம் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. சால்வை போர்த்திக்கொண்டவனும் கேட்கவில்லை.

இப்போது ஒரு மணி நேரம் இன்டர்நெட்டைத் துழாவியதில் விடை கிடைத்தது. படித்துவிட்டு ஜாபேஸ் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டான்.

"என்னாச்சுண்ணா?"

"சாஃப்ட்வேர் இருக்கற ஃபோல்டர்ல சாதா யூசர் எழுதக் கூடாதும்மா. பழைய மெசின் அத மூஞ்சிக்கு நேரா சொல்லிடுச்சு. இது சொல்லல. உனக்குன்னு தனியா ஒரு நோட்டு போட்டு, நீ எழுதறதயெல்லாம் அதுல எழுதி ஒளிச்சு வெச்சுக்கினு, பொது நோட்டுல எழுதிட்ட மாதிரியே காட்டிக்கினு இருந்திருக்கு. நாகேந்திரனுக்கு ஒரு நோட்டு. என்னுது மட்டும்தான் நெசமான நோட்டு."

"அப்ப இத்தினி நாளா நான் எழுதினது எதுவும் யாருக்கும் தெரியாதா?" என்று கேட்டாள் சந்தியா. அவள் குரல் உள்ளே போய்விட்டது.

"முதலாளிக்குச் சொல்லாத. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்."

சரி செய்ய ஆரம்பித்தான். முதலில் அந்த ஃபோல்டரில் எழுத எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்தான். ஒரு வருஷத்துக்கு முன்னால் ஐந்து நிமிஷத்தில் செய்திருக்க வேண்டிய வேலை. கொடுத்துவிட்டு சந்தியாவின் பெயரில் திறந்தால், அப்போதும் நாகையாதான் சட்டமாக உட்கார்ந்திருந்தார். ஒளித்து வைத்த நோட்டு இருக்கும் வரைக்கும் கம்ப்யூட்டர் அதைத்தான் முதலில் காட்டுமாம். ஆகவே இருவரின் நோட்டுகளிலும் இருப்பதைப் பொது நோட்டில் கையால் ஏற்றிவிட்டு, ஒளிவு நோட்டுகளை அழிக்க வேண்டும். சந்தியாவைச் சாப்பிட அனுப்பிவிட்டு உட்கார்ந்தான்.

நாகேந்திரனின் நோட்டை ஏற்றி அழித்ததில் சிக்கல் இல்லை. அவனுக்கு நவம்பர் இருபத்து நாலு காலியாகவே இருந்தது. பிறகு சந்தியாவுடையது. ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்து நாகையாவிடம் நின்றான். மற்ற கல்யாணங்களெல்லாம் ஒன்றோடு ஒன்று மோதாமல் ஒதுங்கிப் போயிருக்க, இது ஒன்று மட்டும் நேராக அவன் மேலேயே வந்து மோதியிருந்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. எலிசா.

"தம்பி, அந்த மண்டபம்…"

"கவலையே படாதீங்க மாமா. மண்டபம் உறுதி."

"எனக்குத் தெரியும் தம்பி. உறுதிதான்" என்றார் எலிசா, கொஞ்சமும் சந்தேகம் இல்லாமல். "வேற ஒண்ணும் இல்ல. லோயிஸ் சும்மா கேக்கச் சொன்னா." வைத்துவிட்டார்.

என்ன நம்பிக்கை! இப்படிப்பட்ட மனிதரிடம் போய் மண்டபம் கைவிட்டுப் போச்சு மாமா என்று எந்த வாயால் சொல்வது? ஜாபேஸ் திரையைப் பார்த்தான். நாகையா. திருப்பதி. முன்பின் தெரியாத ஒருத்தர். திருப்பதியில் தடுக்கி விழுந்தால் மண்டபம். அவருக்கு வேறு கிடைக்காமலா போகும்?

அவன் அந்த ஒரு வரியை மட்டும் ஏற்றவில்லை. அடுத்த வரிக்குப் போனான். எல்லாம் முடிந்ததும் சந்தியாவின் ஒளிவு நோட்டை அழித்தான். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கம்ப்யூட்டர் ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்று அழுத்தினான்.

மறுநாள் காலையில் நாகையா வந்து நின்றார்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறவர். ஆள் குட்டை, குரல் நெட்டை. வாசலில் வளைவு கட்ட அளவெடுக்க ஓர் ஆளையும் கூட்டி வந்திருந்தார். கோவர்த்தனன் தானே கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார்.

"இருபத்து நாலு நம்ம சிஸ்டம் கல்யாணமய்யா. உங்க பேரு எங்கயும் இல்லியே?"

"ரசீது கையில கீது சார். இதோ பாருங்க."

கோவர்த்தனன் ரசீதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு சந்தியாவைப் பார்த்தார். "அட்வான்ஸ் வாங்கி ரசீதும் குடுத்துட்டு, மெசின்ல ஏத்தல. ஏம்மா? நிஜம் செப்பு."

"ஏத்தினேன் சார்! நேத்து காலைலகூட இருந்துச்சு. சிஸ்டம் அண்ணாவே பாத்தாரு."

"பாத்தியாய்யா சிஸ்டம்?"

எல்லோரும் ஜாபேஸைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

"அவசரத்துல பாத்தேன் சார். சரியா… ஞாபகம் இல்ல."

சந்தியா அவனைப் பார்த்த பார்வையை ஜாபேஸால் தாங்க முடியவில்லை. கோபம்கூட இல்லை அதில். அப்படியே திகைத்துப் போயிருந்தாள். தங்கையைப் போல அண்ணா அண்ணா என்று கூப்பிட்ட பெண்.

சாயங்காலம் வர வேண்டிய நாகேந்திரனையும் வீட்டிலிருந்து வரவழைத்துக் கேட்டார் முதலாளி. "அந்த தேதியா? முந்தாநேத்து வரைக்கும் ரெண்டு பேருமே இல்ல சார். காலியாத்தான் இருந்துச்சு. எத்தினி தபா பாத்துக்கினு கீறேன்" என்றான் அவன். அவன் சொன்னதும் நிஜம்தான். அதுதான் கொடுமை.

கோவர்த்தனன் மேசையில் ஓங்கித் தட்டினார். "ஒரே மெசினு, மூணு பேச்சு. மெசின் பொய் சொல்லாது, மனுசன்தான் சொல்லுவான். நாளைக்கு விடிஞ்சதும் எல்லாரும் காணிப்பாக்கம் கிளம்புங்க. பிரமாணம் பண்ணிடலாம்."

இந்தப் பக்கத்தில் போலீசிலும் பஞ்சாயத்திலும் தீராத வழக்கைக் காணிப்பாக்கம் விநாயகரிடம் கொண்டுபோய் விடுவார்கள். கோயில் குளத்தில் முங்கி எழுந்து, ஈரத்துணியோடு சன்னிதியில் நின்று சத்தியம் செய்ய வேண்டும். அங்கே பொய் சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. வரப்புத் தகராறு, மாடு திருட்டு எல்லாம் அங்கே தீர்ந்திருக்கிறது. ஒரு ஃபோல்டர் பெர்மிஷன் வழக்கு போவது அநேகமாக இதுதான் முதல் தடவை.

"சார், இது சாஃப்ட்வேர் எரர்" என்றான் ஈனக் குரலில்.

"அப்ப நீயும் வந்து அத சாமிகிட்ட சொல்லு."

"நான் கிறிஸ்தவன் சார்."

"பொய் சொல்லலன்னா எந்த சாமி முன்னால நின்னா இன்னாய்யா?"

ஜாபேஸ் நழுவினான். வெளியே போன நாகையாவின் பின்னாலேயே ஓடி, கேட் பக்கத்தில் பிடித்தான்.

"அண்ணே, ஒரு உதவி. நீங்க வேற தேதி எடுத்துக்கிட்டா இந்தப் பிரமாணமே வேணாம். அந்தப் பொண்ணு வேலையும் தப்பிச்சிடும். உங்களுக்கு இதவிட நல்ல மண்டபமா நானே பிடிச்சுத் தர்றேன்."

"முடியாது தம்பி. வாக்கு குடுத்துட்டேன்."

"என் கல்யாணம்ணே அது. ரெண்டு தடவை நின்னு போனது."

"உன் கல்யாணம் நடக்கணும்னு எங்க பொண்ணு கல்யாணம் நிக்கணுமா?" நாகையாவின் குரல் தெருவுக்கே கேட்டது. "அந்த மாப்ள கதி இன்னா ஆவறது? அவன் மூஞ்ச ஒரு நிமிசம் நெனச்சுப் பாத்தியா நீ?"

ஜாபேஸ் நினைத்துப் பார்த்தான். முகம் தெரியாத அந்த மாப்பிள்ளை மீது அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கிருந்தோ வந்து, என் தேதியிலேயே கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டுமா இவனுக்கு?

காணிப்பாக்கத்தில் விடிகாலையிலேயே கூட்டம் நெரிந்தது. ஜாபேஸ் ஒரு தேங்காய்க் கடை ஓரமாகப் பம்மி நின்றான். சபை ஆட்கள் யாராவது பார்த்துத் தொலைத்தால், அடுத்த ஞாயிறு பிரசங்கமே அவனைப் பற்றித்தான் இருக்கும். கோவர்த்தனன் கையைப் பிடித்து இழுத்துக் குளத்தங்கரைக்குக் கொண்டுபோனார். நாகையா கை கட்டி நின்றிருந்தார். நாகேந்திரன் சட்டையைக் கழற்றித் தயாராக வைத்திருந்தான்.

"முதல்ல நானு" என்றாள் சந்தியா.

"ஏம்மா, நல்லா யோசிச்சுக்கோ" என்றார் கோவர்த்தனன். அவருக்கே கொஞ்சம் பயம் வந்துவிட்டது.

"யோசிக்க இன்னா சார் கீது? எங்க நைனா கரும்பு வெட்டப் போறத நிறுத்தினதே இந்த வேலைய நம்பித்தான். திருடின்னு பேரு வாங்கிக்கினு நான் வூட்டுக்குப் போவ மாட்டேன்."

படியிறங்கி மூன்று முழுக்குப் போட்டாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, குளிரில் பல் கிட்டிக்க, மேலே ஏறி வந்தாள். ஜாபேஸைக் கடக்கும்போது நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தான். "உங்க கல்யாணத்துக்கு நான் இன்னாண்ணா கெடுதல் பண்ணேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு சன்னிதிப் பக்கம் நடந்தாள்.

அதோடு ஜாபேஸ் உடைந்துபோனான்.

"போவாதம்மா! நான்தான் அழிச்சேன்!"

குளத்தங்கரையே திரும்பிப் பார்த்தது. சபை ஆட்கள் யாராவது இருந்திருந்தால் அவர்களும் பார்த்திருப்பார்கள். ஜாபேஸுக்கு அந்தக் கவலை இல்லாமல் போய்விட்டது.

"அவ எழுதினா சார். ஒழுங்கா எழுதினா. நான்தான் அவளுக்கு அனுமதி குடுக்காம வெச்சிருந்தேன். அதனால பொது நோட்டுல ஏறல. முந்தாநேத்து நான் கண்டுபிடிச்சேன். எல்லாத்தையும் ஏத்திட்டு இவர் பேர மட்டும் விட்டுட்டு, அவ நோட்ட அழிச்சிட்டேன். என் கல்யாணம் நின்னுடும்னு பயம் சார். நாகேந்திரன் சொன்னதும் நெசம்தான். பொய் சொன்னது நான் ஒருத்தன்தான்."

கோவர்த்தனன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. சால்வை போர்த்திய அதே கையால் தலையில் அடித்துக்கொண்டார். "உன்ன போய் நம்பி பாஸ்வேர்டு குடுத்து வெச்சனேய்யா" என்றார் கடைசியில்.

சந்தியா ஈரத் தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓவென்று அழுதாள். நாகேந்திரன் கழற்றிய சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"அய்யா நாகையா" என்றார் கோவர்த்தனன், எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு. "இருபத்து நாலாம் தேதி உங்களுக்குத்தான். விநாயகர் சாட்சி. சிஸ்டம், உன் கல்யாணத்த நீ எங்கியாவது வெச்சுக்கோ. என் மண்டபத்துப் படி ஏறாத."

முடிந்தது. மூன்றாவது தடவை. ஜாபேஸுக்கு எலிசாவின் அமைதியான முகம் கண் முன்னால் வந்து நின்றது. கர்த்தருக்குச் சித்தமில்லை. லோயிஸ் என்ன சொல்வாள்? ஒன்றும் சொல்ல மாட்டாள். அப்பா சொன்னபடி கேட்பாள். ஆனாலும் மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியிருந்ததையும் அவனால் மறுக்க முடியவில்லை.

நாகையாவின் அருகே போய்க் கையெடுத்துக் கும்பிட்டான். "மன்னிச்சுடுங்கண்ணே. அந்தப் பொண்ணு வீட்டையும், மாப்பிள்ளையையும் காட்டுங்க. நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுக்கறேன். என்னால அவங்க கல்யாணம் நிக்கப் பாத்துச்சு."

நாகையாவுக்கு மனசு இளகிவிட்டது. அவன் தோளில் கையைப் போட்டார்.

"பெரிய எடம்லாம் இல்ல தம்பி, நம்ம எலிசா வாத்தியார் பொண்ணு லோயிஸுதான், எங்க திருப்பதி பக்கம் மண்டபம் பொண்ணு வூட்டு பொறுப்பாச்சே, அதான் குவைத்துல கீற தாய்மாமன் அசரியா, சர்ச்சுக்கு எதிர மண்டபத்த புடின்னு என்கிட்ட சொல்லியிருந்தாரு, மாப்ள உங்க ஊருதான், ஜாபேஸுன்னு பேரு, பொய்யே பேசத் தெரியாத பையனாம்!"